மூத்த மருமகனின் பொற்காலம்

நஜீமுக்கு வயிறு எரிந்தது. நெய்ச்சோற்றில் குறையில்லை, இறைச்சிக் கறியில் உறைப்பும் கூடவில்லை. எரிச்சலுக்குக் காரணம் தயிர்.

கிழக்கிலங்கை நிந்தவூரில் அந்த வீட்டில் வெள்ளிக்கிழமைச் சாப்பாடு முடிந்ததும் எருமைத் தயிர்ச் சட்டி மேசைக்கு வரும். மாமனார் அப்துல் ஸமட் கரண்டியை எடுத்து, மேலே தடிப்பாகத் திரண்டிருக்கும் ஆடையை வழித்து, மூத்த மருமகன் நஜீமின் கோப்பையில் போடுவார். கல்யாணம் முடித்து நஜீம் இந்த வீட்டுக்கு வந்த காலத்திலிருந்து அதுதான் நடப்பு. அந்த ஆடை யாருக்கு என்பது அடுப்படிப் பூனைக்கும் தெரியும். அன்றைக்கு மாமாவின் கரண்டி நஜீமின் கோப்பையைத் தாண்டிப் போய், இளைய மருமகன் ஸஜாதின் கோப்பையில் இறங்கியது.

"சாப்பிடுங்க மருமகன்," என்றார் மாமா. "சாப்பிட்டுட்டு நேத்து உட்ட இடத்துல இருந்து சொல்லுங்க. ஒரியல் எப்பிடி பிராண்ட விடப் பெரிய கப்டன்?"

நேற்று விட்ட இடமாம். அப்படியானால் நேற்றும் கதைத்திருக்கிறார்கள். நஜீம் கல்முனை பஸாரில் தன் கடையில் குளியலறை டைல்ஸுக்கு விலை சொல்லிக்கொண்டிருந்த நேரம் பார்த்து, இவர்கள் இங்கே கப்டன்களை நிறுத்துப் பார்த்திருக்கிறார்கள். அவன் ஆடையில்லாத தயிரில் கித்துள் பாணியை ஊற்றிச் சாப்பிட்டான். அது புளித்தது.

இந்தக் கப்டன்கள் யாரென்று சொல்ல வேண்டும். 'கலெக்ஸி போஸ்ட்' என்பது ஓர் ஆங்கிலத் தொலைக்காட்சித் தொடர். கிரகம் கிரகமாகக் கடிதம் கொண்டுபோகும் ஒரு விண்கப்பலின் கதை. நஜீம் பிறக்கும் முன்பே தொடங்கியது. கப்டன்கள் மாறினார்கள், கப்பல் மாறியது, நிறுத்தினார்கள், படமாக எடுத்தார்கள், திரும்பவும் தொடங்கினார்கள், இன்னும் முடிந்தபாடில்லை. முதல் கப்டன் பிராண்ட். அவருக்குப் பின் வந்த லோவெல் இரண்டு வருடம்கூடத் தாக்குப் பிடிக்கவில்லை. அவருடைய காலத்தை ரசிகர்கள் இருட்டுக் காலம் என்பார்கள். வெகு காலம் கழித்து வந்தவள் கப்டன் ஒரியல். இந்தத் தொடரின் ரசிகர்கள் எங்கே கூடினாலும் ஒரே கேள்விதான்: யாருடைய காலம் பொற்காலம்? நிந்தவூரில் அந்தக் கேள்வி அப்துல் ஸமட்டின் வீட்டு முன் ஹோலில், வெள்ளிக்கிழமை, ஜும்ஆவுக்கும் அஸருக்கும் நடுவில் எழும்பும்.

எழும்பும் என்று சொன்னாலும், ஸஜாத் வரும்வரை அது எழும்பிய வேகத்திலேயே அடங்கிவிடும். ஏனென்றால் எல்லாரும் பிராண்ட் பக்கம். மாமா நீர்ப்பாசனத் திணைக்களத்தில் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். அம்பாறையில் குவாட்டஸில் இருந்த நாளையில் அரச தொலைக்காட்சியில், அடியில் ஓடும் சிங்கள எழுத்தோடு பிராண்டைப் பார்த்தவர். அவருடைய சிங்களத்தில் பாதி அந்த எழுத்தில் படித்ததுதான். ஒரு தடவை மதகு உடைந்ததைப் பெரிய பொறியியலாளருக்குச் சிங்களத்தில் சொல்லப் போய், கப்பலின் வெளிச்சுவர் பிளந்துவிட்டது, எல்லோரும் காற்றுக் கவசம் போடுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தவர். அவருடைய கூட்டாளி யோசப், கல்முனைக்காரர், ஓய்வு பெற்ற போஸ்ட் மாஸ்டர். வெள்ளிக்கிழமை தவறாமல் ஸ்கூட்டரில் வந்துவிடுவார். அவருக்கு விண்கப்பலைப் பற்றி அக்கறையில்லை. பதிவுத் தபாலுக்குக் கையெழுத்து வாங்கினார்களா என்பதைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்.

நஜீமும் பிராண்ட் பக்கம்தான். ஆனால் அவன் அங்கே போய்ச் சேர்ந்த வழி வேறு. வாப்பாவின் முகம் தெரியாமல் வளர்ந்தவன் அவன். மாப்பிள்ளையாகி இந்த வீட்டுக்கு வந்தபோது, மாமனாரோடு என்ன கதைப்பதென்று தெரியாமல் முற்றத்துத் தென்னையைப் பார்த்துக்கொண்டு குந்தியிருந்தான். அதற்குக் கொஞ்சம் முன்னர்தான் சுனாமியில் கடல் வந்து, மாமா பதிந்து வைத்திருந்த வீடியோ நாடாக்களை எல்லாம் கொண்டுபோயிருந்தது. கடைக்குச் சாமான் எடுக்கக் கொழும்புக்குப் போனவன், புறக்கோட்டையில் தேடித் திரிந்து, பிராண்டின் முதல் வருடத்து டிஸ்க்குகளை வாங்கி வந்து மாமாவின் மடியில் வைத்தான். மாமா ஒவ்வொன்றாக எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, "வாங்க மருமகன், இதுல குந்துங்க," என்று பக்கத்துக் கதிரையைத் தட்டினார். அன்றிலிருந்து நஜீம் பிராண்டின் ஆள். பிராண்டைப் பிடித்ததா என்று அவன் தன்னிடமே கேட்டதில்லை. மாமாவைப் பிடித்தது. அது போதுமாக இருந்தது.

அந்தப் பக்கத்துக் கதிரையோடு ஒரு பதவியும் வந்தது. பிராண்ட் நல்ல மனிதர்தான், ஆனாலும் வெள்ளைக்காரர். கிரகத்துக்குக் கிரகம் ஒரு பெண் வந்து வழியனுப்புவாள், வழியனுப்பும்போது முத்தமும் வரும். ஹோலிலோ மாமி றபீக்கா தேத்தண்ணித் தட்டோடு வந்து போவார், மகள்மார் கதவுச் சேலைக்குப் பின்னால் நிற்பார்கள். அந்த இடம் வந்தால் மாமா தன் கால் நகத்தைப் பார்ப்பார், யோசப் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார், மாமி இல்லாத கோழியைக் கூப்பிடுவார். யாருக்கும் தலை நிமிர வராது. அந்தச் சங்கடத்தை இல்லாமல் ஆக்கியவன் நஜீம். எந்தக் கதையில் எந்தப் பேச்சுக்குப் பிறகு அது வரும் என்பதை மனப்பாடம் செய்து, அது வருவதற்குச் சற்று முன்னமே ரிமோட்டை அமத்திக் கதையை அங்கால் நகர்த்திவிடுவான். "எங்கட மருமகன்ட கையில ரிமோட் இருந்தா மௌலவியப் பக்கத்துல வச்சிட்டும் படம் பாக்கலாம்," என்று மாமா ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார்.

இப்படி இருந்த வீட்டுக்குள்தான் ஸஜாத் வந்தான். மச்சினி நிப்லாவின் மாப்பிள்ளை. பிரதேச செயலகத்தில் உத்தியோகம், நெற்றியில் விழும் முடி, யாரைக் கண்டாலும் சிரிப்பு. புது மாப்பிள்ளையாக வந்து இருந்த முதலாவது வெள்ளிக்கிழமை, மாமா பிராண்டைப் போட்டுவிட்டு, "எப்பிடி மருமகன்?" என்று கேட்டார். நஜீமாக இருந்தால் சொல்லவேண்டியது என்னவென்று தெரியும். ஸஜாத் நெய்ச்சோற்றை விழுங்கிவிட்டுச் சொன்னான்:

"நல்லந்தான் மாமா. ஆனா பிராண்ட் கப்பல ஓட்டல்ல, கதிரையத்தான் ஓட்டினாரு. எழும்பி நடந்தா அட்டைச் சுவர் உழுந்திடும் எண்டு பயம். பொற்காலம் எண்டா ஒரியல்ட காலம்."

யோசப் கண்ணாடியைக் கழற்றினார். நஜீமுக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. தம்பி, உன் கதை முடிந்தது என்று நினைத்துக்கொண்டான். மாமாவோ சிரிக்கத் தொடங்கினார். இருமல் வரும்வரை சிரித்தார். சிரித்துவிட்டு, கதிரையை ஸஜாதின் பக்கம் திருப்பிப் போட்டு, "எங்க, சொல்லுங்க பாப்பம்," என்றார்.

அந்தக் கதிரை அப்படித் திரும்பியது திரும்பியதுதான்.

அதற்குப் பிறகு நஜீம் பட்ட பாட்டைச் சொல்லி மாளாது. மாமா "மருமகன்" என்று கூப்பிடுவார். நஜீம் "ஓம் மாமா" என்று எழும்புவான். மாமாவின் கண் ஸஜாத் வரும் பின்வாசலில் இருக்கும். அவன் கடையிலிருந்து வரும்போது மாமாவும் ஸஜாதும் முற்றத்தில் நின்று கைகளை ஆட்டிக் கதைத்துக்கொண்டிருப்பார்கள். அவனைக் கண்டதும் மாமா கனிவாக, "வாங்க, களைச்சுப் போய் வாறீங்க, குளிச்சிட்டுச் சாப்பிடுங்க," என்பார். நோயாளியிடம் கதைப்பதுபோல இருக்கும். யோசப்பும் மெல்ல மெல்லச் சாயத் தொடங்கினார். ஒரியலின் கப்பலில் பதிவுத் தபாலுக்கு விரல் அடையாளம் வாங்குகிறார்களாம்.

நஜீமின் மனைவி பஸ்மினா அவன் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டாள். அவள் சுற்றி வளைத்துப் பேசுகிற ஆள் இல்லை.

"உங்களுக்கு எரிச்சல்," என்றாள். "நிப்லாட மாப்புள்ள உங்கட தலையில கல்லையா போட்டாரு? வாப்பா ரெண்டு பேரோடயும்தான் கதைக்காரு."

"கதைக்காரு. என்னோட கதைக்கக்குள்ள மணிக்கூட்டப் பாக்காரு."

"வயசுக்கு ஏத்த கதையாக் கதைங்க. அந்தப் புள்ள உங்களக் காக்கா காக்கா எண்டு எவ்வளவு மரியாதையா இரிக்கி."

அண்ணன் முறையில் கூப்பிடும் அந்தக் 'காக்கா'தான் இன்னும் எரிந்தது. ஸஜாத் கெட்டவனாக இருந்திருந்தால் எவ்வளவு வசதி.

ஆனால் நஜீம் அஞ்சியது தயிராடை போனதற்கு மட்டுமல்ல. அந்தப் பக்கத்து ஊர்களில் மகளுக்குத்தான் வீடு. மாப்பிள்ளை மனைவியின் வீட்டுக்கு வருவான். பெற்றோர் மூத்தவளுக்கு வீட்டைக் கொடுத்துவிட்டு, அடுத்தவளுக்கு அதே வளவில் இன்னொன்று கட்டி, கடைசியில் இளைய மகளோடு போய் ஒதுங்குவார்கள். முன் வீடு பஸ்மினாவுக்கு வந்தாயிற்று. பின்னால் நிப்லாவின் புது வீடும் வெள்ளையடித்து நிற்கிறது. மாமி கல்யாணத்தன்றே அங்கே போக ஆயத்தம். உடுப்புப் பெட்டியைக்கூடக் கட்டிவிட்டார். மாமாதான், "பாப்பம், பாப்பம்," என்று நாளைக் கடத்திக்கொண்டிருந்தார். அவருடைய சாய்மனைக் கதிரை இன்னமும் நஜீமின் ஹோலில்தான் கிடந்தது. வழமையை மீறி மாமா தன்னோடு இருந்துவிடுவார் என்று நஜீம் நம்பினான். யாரிடமும் சொல்லவில்லை. கதிரை பின் வீட்டுக்குப் போய்விட்டால், தான் திரும்பவும் முற்றத்துத் தென்னையைப் பார்த்துக் குந்தியிருக்கும் மனிதனாகிவிடுவோம் என்று அவனுக்குப் பயமாக இருந்தது.

தயிர் தாண்டிப்போன அதே வெள்ளிக்கிழமை, மாமி பொறுமை இழந்துவிட்டார்.

"ஒரு முடிவச் சொல்லுங்க," என்றார். "எந்த ஊட்ட இருக்கப் போறம்? ஊருச் சனம் கேக்குது."

மாமா யோசப்பைப் பார்த்துக் கண்ணடித்தார். "அத போஸ்ட் மாஸ்டர் தீர்க்கட்டும். அடுத்த வெள்ளிக்கு ரெண்டு மருமக்களும் ஒவ்வொரு கதை கொண்டு வரட்டும். நஜீம் மருமகன் பிராண்ட்ட ஒண்டு, ஸஜாத் மருமகன் ஒரியல்ட ஒண்டு. எது திறம் எண்டு யோசப் சொல்லட்டும். வெண்டவர்ட ஊட்ட என்ட கதிர போகும்."

எல்லாரும் சிரித்தார்கள். ஸஜாத் அதிகமாகச் சிரித்தான். நஜீமும் பல்லைக் காட்டினான். அது பகிடி என்று அவனுக்குத் தெரியும். மாமா பகிடி போலத்தான் பெரிய காரியங்களை எல்லாம் முடிப்பார் என்பதும் தெரியும்.

"நீங்க ஒருக்கா ஒரியலப் பாத்துட்டு வாங்க காக்கா," என்றான் ஸஜாத். "பாத்தா மாறிடுவீங்க."

"நான் அதுல ஒரு துண்டும் பாக்கல்ல. பாக்கவும் மாட்டன்," என்றான் நஜீம், மாமாவுக்குக் கேட்கும்படியாக.

மறுநாளே பார்க்கத் தொடங்கினான். லுஹர் தொழுகைக்குப் பிறகு பஸாரில் ஆள் நடமாட்டம் குறைந்துவிடும். டைல்ஸ் அடுக்குக்குப் பின்னால் கதிரையைப் போட்டு, காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு, போனில் ஒரியலின் காலத்தை ஒன்றன் பின் ஒன்றாக விழுங்கினான். குறை பிடிக்கத்தான் தொடங்கினான். குறை அகப்படவில்லை. அவள் கப்பலை நடத்திய விதமும், அவளுடைய ஆட்கள் அவளோடு முகத்துக்கு நேரே முரண்பட்ட விதமும், வேண்டாவெறுப்பாகப் பார்த்தவனையே இழுத்துவிட்டன. வாடிக்கையாளர் ஒருவர் சுவருக்கு நீலம் கேட்டபோது பச்சையை எடுத்துக் கொடுத்தான். ஸஜாத் கொண்டுவரப்போகும் கதை எதுவென்பதும் அவனுக்குத் தெரிந்துவிட்டது. அதைவிட்டு வேறெதையும் ஒருவன் கொண்டுவரமாட்டான். ஒரியல் தன் கடைசிக் கடிதத்தைக் கொடுக்கப் போகும் கதை.

அந்தக் கதையில், கடிதத்தைக் கொடுத்த பிறகு, நீளமாக ஒரு முத்தம் இருந்தது.

வெள்ளிக்கிழமை வந்தது. ஸஜாதின் டீவி பெரியது என்பதால் பின் வீட்டு ஹோலில் கூடினார்கள். முதலில் பிராண்ட். நஜீம் நல்ல கதையைத்தான் தெரிந்தெடுத்திருந்தான். மாமா பாதி வசனத்தைக் கூடவே சொன்னார். ரிமோட்டும் தன் வேலையைச் செய்தது. முடிந்ததும், "பழசு பழசுதான்," என்றார் யோசப். நஜீமுக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

பிறகு ஸஜாத் எழும்பி வந்து, ரிமோட்டைத் திரும்பவும் நஜீமின் கையிலேயே வைத்தான்.

"இது உங்கட கையிலதான் இருக்கணும் காக்கா," என்று காதுக்குள் சொன்னான். "கடைசியில ஒரு இடம் இரிக்கி. வரக்குள்ள நான் இருமுறன். நீங்க நகத்திடுங்க."

"செரி," என்றான் நஜீம்.

ஒரியல் தொடங்கினாள். கொஞ்ச நேரத்தில் மாமா கதிரையின் நுனிக்கு வந்துவிட்டார். வசனம் சொல்லவில்லை, வெற்றிலையும் போடவில்லை. யோசப் விரல் அடையாளத்தைக்கூட மறந்துபோனார். ஒரியல் அந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு தனியாக நடந்தபோது, மாமாவின் கை தானாக நீண்டு, பக்கத்தில் இருந்த ஸஜாதின் மணிக்கட்டைப் பிடித்தது. நஜீம் அதைப் பார்த்தான். தன்னுடைய கையை அவர் ஒருநாளும் அப்படிப் பிடித்ததில்லை. பிராண்டின் ஏழு வருடத்தையும் எத்தனையோ தரம் சேர்ந்து பார்த்தும் பிடித்ததில்லை. பொறாமை என்று ஒன்று உடம்பில் எந்த இடத்தில் இருக்கிறது என்று யாராவது அந்த நேரம் கேட்டிருந்தால், தொட்டுக் காட்டியிருப்பான்.

மாமி பிளேன்ரீத் தட்டோடு கதவுக்குள் காலை வைத்தார். அதையும் நஜீம் பார்த்தான். பெருவிரல் ரிமோட்டின் மேல்தான் இருந்தது. அவன் அமத்தவில்லை.

ஸஜாத் இருமினான். திரும்ப இருமினான். தொண்டை கிழிய இருமினான். சுவரளவு டீவியில் ஒரியலும் அவளுடைய ஆளும் ஹோல் நிறைய நின்றார்கள். தேத்தண்ணிக் கோப்பைகள் தட்டில் கலகலத்தன. யோசப் கண்ணாடியைக் கழற்றப் போய்க் கீழே போட்டார். கடைசியில் ஸஜாத் பாய்ந்து எழும்பி, டீவிக்கு முன்னால் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றான். டீவி அவனைவிடப் பெரியது. இரண்டு பக்கமும் மிச்சம் தெரிந்தது.

"அஸ்தஃபிருல்லாஹ்," என்று, தட்டோடு திரும்பி ஓடிய மாமியின் குரல் அடுப்படியிலிருந்து வந்தது. "இந்த ஊட்டயா நான் வந்து இருக்கணும்?"

நஜீம் ரிமோட்டைத் தட்டித் தட்டிப் பார்த்தான். "பெட்டரி போயிட்டு போல," என்றான். "வேல செய்யிதில்ல."

ஸஜாதின் முகத்தில் ஈயாடவில்லை. நிப்லா கதவுச் சேலைக்குப் பின்னால் விசும்புவது கேட்டது. மாமா எழும்பி முன் வீட்டுக்கு நடந்தார். யோசப் தீர்ப்புச் சொல்லவில்லை, யாரும் கேட்கவுமில்லை. அன்று முழுவதும் மாமி பஸ்மினாவிடம் சொன்னதையே சொல்லிக்கொண்டிருந்தார்: அந்த வீட்டுக்குத் தான் வரமாட்டாராம், இப்படிப் படம் பார்க்கிறவனுக்கா மகளைக் கொடுத்தோமாம். நஜீம் அதைக் கேட்டுக்கொண்டே சாப்பிட்டான். நன்றாகப் பசித்தது.

மறுநாள் அஸர் தொழுதுவிட்டு வந்த மாமா, முன் ஹோலில் தன் சாய்மனைக் கதிரையில் சாய்ந்தார். நஜீம் வழமையான கதிரையில் இருந்தான். வேறு யாருமில்லை. எவ்வளவோ நாளைக்குப் பிறகு அவர்கள் இரண்டு பேரும் தனியாக. நஜீமுக்கு மனம் நிறைந்திருந்தது.

"நேத்து பெட்டரி நல்லாத்தான் இருந்திச்சு மருமகன்," என்றார் மாமா.

நஜீம் வாசலைப் பார்த்தான்.

"ஸஜாத் இருமுறதுக்கு முன்னுக்கே நீங்க தலையக் குனிஞ்சிட்டீங்க. படத்துல அப்ப ஒண்டும் நடக்கல்ல. அவள் கடிதத்தக் கையிலதான் வச்சிருந்தாள். எல்லாரும் படத்தப் பாத்துட்டிருக்காங்க, நீங்க நிலத்தப் பாக்கீங்க."

கூடாத இடம் வருகிறதென்றால் தலை தானாகக் குனியும். எத்தனை வருடப் பழக்கம். விரலை அடக்கத் தெரிந்த நஜீமுக்குக் கழுத்தை அடக்கத் தோன்றவில்லை. வருவது என்னவென்று தெரியாதவனுக்கு முன்கூட்டியே தலை குனியாது என்பதும் அந்த நேரம் மூளைக்கு எட்டவில்லை.

"நீங்க என்னப் பாத்துட்டா இருந்தீங்க மாமா?" என்று கேட்டான்.

"ஓம். எனக்குக் கண் கலங்கிட்டு. உங்களுக்கும் கலங்கிட்டா எண்டு கிறுகிப் பாத்தன்."

நஜீமுக்கு முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பதென்று தெரியவில்லை. மணிக்கட்டைப் பிடித்த கையைத்தான் அவன் பார்த்திருந்தான். தன் பக்கம் திரும்பிய கண்ணைப் பார்க்கவில்லை.

"நான் இஞ்சதான் இருக்க நெனச்சன்," என்றார் மாமா. குரலில் கோபமில்லை, கோபம் இருந்திருந்தால் தாங்கியிருக்கலாம். "உங்கட மாமியச் சமாளிக்கத்தான் நாளக் கடத்தினன். புதுப் புள்ள எண்டு ஸஜாதோட கொஞ்சம் கூடக் கதைச்சன். இனி இஞ்ச இருக்க ஏலா. அந்த ஊட்டுக்குப் போகமாட்டன் எண்டு மாமி நிக்கிறா. அது ஊருக்குள்ள போனா ஸஜாத் எப்பிடித் தலையத் தூக்கித் திரியிற? நானே போய் அங்க குந்தினாத்தான் அவட வாய அடைக்கலாம். வாற கிழமை போறம்."

"மாமா, நான் மாமிக்கிட்ட உண்மையச் சொல்றன்."

"சொல்லி? மறுகா அவ உங்களோட முகம் குடுத்துக் கதைப்பாவா? அது வேணாம். இது எனக்குள்ளயே கெடக்கட்டும்."

கதிரை போகிறது. அதைத் தள்ளிவிட்டது தன் பெருவிரல்தான். நஜீம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அழுகை வந்தது, அடக்கினான்.

மாமா எழும்பப் போனவர், திரும்பவும் சாய்ந்தார்.

"ஒண்டு கேக்கன். ஒரியல முழுக்கப் பாத்திருக்கீங்க. இனி என்னத்த மறைக்கிற? மெய்யாச் சொல்லுங்க. உங்களுக்கு எது பொற்காலம்?"

பிராண்ட் என்று சொல்ல வாய் ஆயத்தமாகத்தான் இருந்தது. பழகிய வாய். நஜீமுக்கு அந்தப் பெயர் அன்றைக்கு நாக்கில் ஒட்டவில்லை; எப்போதோ யாருக்கும் சொல்லாமல் தனியாகப் பார்த்த இன்னொரு காலம்தான் வந்தது.

"லோவெல்," என்றான்.

"ஆரு?"

"ரெண்டாவது கப்டன். லோவெல்ட காலம் மாமா."

மாமா நிமிர்ந்து உட்கார்ந்தார். ரிமோட் விஷயத்தில் வராத கோபம் இப்போது வந்தது. "லோவெலா? அந்த விடியா மூஞ்சியா? கப்பலையே இழுத்து மூட வச்ச ஆளையா பொற்காலம் எண்டு சொல்றீங்க? என்னோட குந்தியிருந்து அவனத்தானா இவ்வளவு காலமும் நெனச்சிட்டிருந்தீங்க?"

"அவர் வேற ஆற்றயோ கப்பலுக்கு வந்த ஆள் மாமா," என்றான் நஜீம். "வந்த நாளையில இருந்து எல்லாரும் பழைய கப்டன்ட கதையத்தான் கதைச்சாங்க. சாப்பாட்டு மேசையில அவருக்கு ஒரு கதிர இழுத்துப் போட ஆளில்ல. எண்டாலும் அவர்ட கையால ஒரு கடிதம் பிந்தல்ல."

"பிந்தினது. பனிக் கிரகத்துக் கடிதம் பிந்தினதுதானே."

"அது எஞ்சின்காரன்ட பிழை. லோவெல் அதுக்குப் பொறுப்பெடுத்தாரு, அவ்வளவுதான்."

"பொறுப்பெடுத்தா கப்டனா? பிராண்டா இருந்தா நேரத்துக்குக் கொண்டு போயிருப்பாரு."

"பிராண்ட் கதிரைய உட்டு எழும்பியிருக்கவே மாட்டாரு."

மாமா தன் சாய்மனைக் கதிரையை, அதன் கால்கள் தரையில் கிறீச்சிட, இழுத்து நஜீமுக்கு நேரே திருப்பிப் போட்டார். முழங்கால்கள் முட்டும் தூரம். "இப்ப சொல்லுங்க," என்றார். "முதல் கதையில இருந்து சொல்லுங்க. ஒவ்வொண்டா உடைக்கன்."

எவ்வளவு நேரம் போனதென்று தெரியாது. பஸ்மினா இரண்டு முறை எட்டிப் பார்த்துவிட்டு, வாப்பாவும் புருஷனும் சண்டை பிடிக்கிறார்கள் என்று பயந்து உள்ளே போனாள். மாமாவின் முகம் சிவந்திருந்தது. நஜீம் கையை ஆட்டிக் கதைத்துக்கொண்டிருந்தான். தன் கைகள் இப்படி ஆடுமென்று அவனுக்கே தெரியாது.

ஸஜாத் பின்வாசலில் வந்து நின்றது அப்போதுதான். கையில் புதுப் பெட்டரிகள். "காக்கா, ரிமோட்டுக்கு வாங்கிட்டு வந்தன்," என்றான். யாரும் திரும்பவில்லை. அவன் கொஞ்சம் நின்று கேட்டான். லோவெல் என்ற பெயர் காதில் விழுந்ததும் முகம் மலர்ந்து, ஒரு காலை உள்ளே வைத்து, "மாமா, அதுல நானும் ஒண்டு சொல்லட்டா?" என்றான்.

"பொறுங்க மருமகன்," என்றார் மாமா, திரும்பாமலே, கையை மட்டும் பின்னால் வீசி. "இவரோட கதைச்சிட்டு வாறன்."

ஸஜாதின் சிரிப்பு அப்படியே நின்றது. போவதா இருப்பதா என்று தெரியாமல், பெட்டரிகளை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டு, அவன் முற்றத்தைப் பார்த்தான். நஜீமுக்கு அந்த முகத்தை நன்றாகத் தெரியும். இத்தனை நாளாகக் கண்ணாடியில் அதைத்தான் பார்த்து வந்தான். அந்தப் பிள்ளைக்குத் தான் செய்த அநியாயம் அவனுக்கு மறக்கவில்லை. எழும்பிப் போய்த் தோளில் கை வைத்து, வாங்க தம்பி, வந்து குந்துங்க என்று கூப்பிடலாம். கூப்பிட வேண்டும்.

அல்லாஹ் மன்னிக்கட்டும், நஜீமுக்கு அது இனித்தது. அவன் கதிரையை இன்னும் கொஞ்சம் முன்னுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டு, "நீங்க சொல்றது பிழை மாமா," என்றான்.